பந்திக்கு எழும்பாத ஞாயிறு

அன்பு மகன் ஜெபாவுக்கு,

கடிதத்தின் தலைப்பில் ஒரு ஸ்தோத்திரம் எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். நீ கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்து அதுதான் பழக்கம். "காய்கறிச் சீட்டுலயும் ஸ்தோத்திரம் போடுவீங்களாம்மா?" என்று கேலிகூடச் செய்வாய். இன்று பேனாவை எடுத்து உட்கார்ந்து வெகு நேரமாகியும் அந்த வார்த்தை வரவில்லை. வராததை எழுதி ஆண்டவரை ஏமாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதை உறைக்குள் போட்டு ஒட்டவும் எனக்கு மனமில்லை. மூடி மூடி வைத்தது போதும். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் நம் சபையில் யார் வாங்கிப் படித்தாலும் படிக்கட்டும். மஸ்கட்டில் உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா ஏதோ உளறிவிட்டாள் என்று இதற்குள் யாராவது உனக்குச் செய்தி அனுப்பியிருப்பார்கள். மாத்திரை போடாததால் தலை சுற்றிவிட்டது என்றும் சொல்லியிருப்பார்கள். மாத்திரை போட்டிருந்தேன், தலையும் சுற்றவில்லை. என்ன நடந்தது என்பதை நானே உனக்குச் சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் விளங்காது, உன் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. மில்லில் மேஸ்திரியோடு சண்டை, பேருந்தில் நடத்துநரோடு சண்டை. நியாயம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருக்கும், ஆனால் அதை அவர் சொல்கிற விதத்தில் எதிராளியோடு ஊரே சேர்ந்துகொள்ளும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள், பிரசங்கத்தின் நடுவில் அன்று சபைப் போதகராக இருந்த ஐயர் யாரையோ குத்திக் காட்டிப் பேசினார். உன் அப்பா அது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து, "அப்படிச் சுத்தி வளைக்காண்டாம், பேரச் சொல்லியே பேசும்" என்றார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவே இல்லை. ஞாயிறுதோறும் நம்மைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு ஆற்றுக்குப் போய்விடுவார். ஆராதனை முடியும்போது குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார். வாயால் கெட்டான் என்று அவரை அடக்கம் செய்த அன்றும் சொன்னார்கள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அதனால்தான் எய்யா, உன்னை வாயில்லாப் பிள்ளையாக வளர்த்தேன். யாராவது உன்னைத் திட்டிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், "ஆண்டவருக்குத் தெரியும்லா, நீ எதுக்குப் பேசணும்?" என்பேன். பெண்கள் சங்கத்தில் அதையே ஜெபமாகவும் செய்வேன். ஊருக்கெல்லாம் நான் டீச்சர்தானே, டீச்சர் மாதிரிப் பொறுமை வருமா என்று மற்றவர்கள் சொல்லும்போது, குனிந்த தலையோடு அதைக் கேட்டு ரசித்தும் இருக்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நான் வாய் திறந்து சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்கள், விடாத மழை, ஆறு படித்துறையை மூடிக்கொண்டு ஓடியது. கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டுவது வாலிபர் சங்கத்து வேலை. செயலாளர் நீ, எலக்ட்ரீஷியனும் நீ. புது வயரும் பல்பும் வாங்க நீ திருநெல்வேலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய். கோயில்பிள்ளை ஞானமுத்து அண்ணன், மணி அடிப்பதிலிருந்து கல்லறைக் குழி வெட்டுவதுவரை நம் சபைக்கு எல்லா வேலையும் செய்த மனிதர், நம் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொடுத்தவள் நான். "நீ போயிட்டு வாரதுக்குள்ள நான் ஏறி மூங்கிலக் கெட்டிப் போடுதேன்லே" என்றார் அவர். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "வேண்டாம்ண்ணே, மேல பூரா பாசி. மழை விடட்டும். நான் வந்த பெறவு ரெண்டு பேருமாச் சேந்து பைய ஏறுவோம்" என்றாய். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம், சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியின் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி கோயிலுக்கு வந்திருக்கிறார். மறுநாள் கீத ஆராதனைக்கு வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், நட்சத்திரம் இல்லாமல் கோபுரம் மொட்டையாக நிற்கிறதே என்று வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "சம்பளம் வாங்குதேல்லா, ஏறுவே" என்றாராம். இதைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்கள், சொல்லத்தான் ஆளில்லை. நீ பல்புப் பெட்டியோடு பேருந்தை விட்டு இறங்கியபோது கோபுரத்திலிருந்து வழுக்கி விழுந்த ஞானமுத்து அண்ணனை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்தது அவர் உடல்தான்.

அடக்க ஆராதனையில் அண்ணாச்சி உன் பெயரைச் சொல்லவே இல்லை. பெட்டியின் மேல் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், "என்ன செய்ய, வாலிபப் பயலுவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு, மழையில் அந்த மனிதரை ஏற்றிவிட்டவன் நீதான் என்று. ஞானமுத்து அண்ணனின் மனைவி மேரி அக்காவும் அதை நம்பினாள். அவளை நான் குறை சொல்லவில்லை, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு யாராவது ஒருவர் வேண்டுமே.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரச் சொல்லி விசாரித்தார்களே, அன்று நீ ஆண்கள் பக்கம் எழுந்து நின்றாய். வாயைத் திறக்கப் போனாய். அதற்கு முன் என்னைப் பார்த்தாய். பெண்கள் பக்கத்திலிருந்து நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. எனக்கு அந்த நொடியில் நீ தெரியவில்லை, உன் அப்பாதான் தெரிந்தார். நீ உட்கார்ந்துவிட்டாய். "பதில் ஒண்ணும் இல்லபோல" என்றார் அண்ணாச்சி. நான் எழுந்து, அந்தக் காப்பியை ஊற்றிக் கொடுத்தவள் நான், என் மகன் ஏறாதே என்றுதான் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் பிள்ளைக்காகப் பேசினால் யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பாவிட்டால் என்ன, சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உன்னை முடித்துப் போட்டது அந்தக் கூட்டம் இல்லை. அதன் பிறகு வந்த மாத முதல் ஞாயிறுதான். நம் சபைகளின் வழக்கம் உனக்குத் தெரியும், மற்றவர்கள் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பந்தி என்போம். வரிசை வரிசையாக எழுந்து போய்ப் பலிபீடத்துக் கிராதியண்டை முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். மனதில் பாரமோ பகையோ உள்ளவர்கள் எழும்பாமல் இருக்கையிலேயே இருப்பார்கள். அது கடவுளுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள காரியம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் யார் எழும்பவில்லை என்று கோயிலே கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிடும்.

அன்று காலை நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். நான்தான் வந்து சொன்னேன். "எய்யா, இந்த மாசம் பந்திக்கு எழும்பாண்டாம். மேரி அக்கா கண்ணு முன்னால போய் நீ முழங்கால் போட்டா அவளுக்கு வயிறு எரியும். கொஞ்சம் தாழ்ந்து போ."

"எழும்பாம இருந்தா நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்மா."

"ஆண்டவருக்குத் தெரியும்லா?"

நீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாய். கோயிலில் உன் வரிசை எழுந்தபோது முழங்காலை ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். அன்றோடு காரியம் முடிந்தது. அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது, நம்பாதவர்களும் நம்பினார்கள். குற்றமுள்ள மனசு அவனை எழும்பவிடவில்லை பார் என்றார்கள். உன் வாயால் நீ சொல்லாததை உன்னை உட்கார வைத்து நான் சொல்ல வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அதை எழுதத்தான் கை கூசுகிறது. நான் எழும்பினேன். உன்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கிராதியண்டை போய் முழங்காலிட்டு வாங்கிவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் அதில் ஒன்றும் தவறாகவே எனக்குப் படவில்லை. உனக்காக அங்கே ஜெபம்கூடச் செய்தேன்.

அதன் பிறகு யாரும் உன்னை வயரிங் வேலைக்குக் கூப்பிடவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். வாலிபர் சங்கத்துக்கு வேறு செயலாளர் வந்தான். ஒருவரும் உன்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, சபையை விட்டு நீக்கவும் இல்லை. எல்லோரும் உன்னை மன்னித்துவிட்டதுபோல நடந்துகொண்டார்கள். செய்யாத குற்றத்துக்குக் கிடைக்கிற மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ மஸ்கட்டுக்குப் போனாய். விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் ஏறும்போது, ஜெபம் செய்து அனுப்பலாம் என்று உன் தலையில் கை வைக்க வந்தேன். நீ மெல்ல விலகி, பையைத் தூக்கிக்கொண்டாய்.

அங்கே போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பேன், கோயிலுக்குப் போனாயா என்று. நீ பேசாமல் இருப்பாய். ஒரு தடவை பொறுக்க முடியாமல் கத்தினேன், "ஏலே, வாயத் தொறந்து பேசுலே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று. நீ நிதானமாகச் சொன்னாய், "பேசாம இருக்கது உங்ககிட்ட படிச்சதுதானேம்மா." இன்னொரு நாள், நான் கேட்காமலே சொன்னாய்: "அன்னைக்கு இருந்த எடத்துலேர்ந்து ஒருத்தர் மொகமும் தெரியலம்மா. கிராதிக்கிட்ட முழங்கால் போட்டவங்க உள்ளங்கால்தான் வரிசையாத் தெரிஞ்சுது. உங்களதும் தெரிஞ்சுது. பித்தவெடிப்பு வச்சுக் கண்டுபிடிச்சேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அன்றிலிருந்து நான் காலைக் கழுவும்போதெல்லாம் அழுகிறேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆண்டவருடைய பாடுகளை மறுபடி வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அத்தனை வருடம் சொல்லிக் கொடுத்த பகுதி, கண்ணை மூடினாலும் வரும். தேசாதிபதிக்கு முன்னால் அவர் பேசாமல் நின்றார், அதைத்தானே உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். அவர் சும்மா இருக்கவில்லை. நான் பேசியது தப்பென்றால் எது தப்பு என்று காட்டு, சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். கை கட்டப்பட்டு நிற்கிறவர் கேட்கிறார். இந்த இடத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன், ஒரு தடவைகூட நின்றதில்லை. கல்லெறிய இழுத்து வந்த பெண்ணுக்காகவும் அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. தாழ்மை என்பது அவருக்கு முன்னால் மண்டியிடுவது. நான் உன்னை மண்டியிட வைத்தது அவருக்கு முன்னால் இல்லை, செல்லத்துரை அண்ணாச்சிக்கு முன்னால். எனக்கு இருந்தது பயம். ஊர்ப் பேச்சுக்குப் பயம், உன் அப்பாவுக்கு வந்த கெட்ட பெயர் உனக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்து, ஆண்டவர் பெயரையும் சேர்த்து உன் தலையில் கட்டினேன். ஆண்டவருக்குத் தெரியும்தான். ஆனால் அவர் நம் ஊர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து உனக்காகச் சாட்சி சொல்லப் போவதில்லை. அதற்கு அவர் என்னை வைத்திருந்தார்.

இனி போன ஞாயிறு. திருவிருந்துக்கு என் வரிசை எழும்பியது. நான் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள், "வாங்க டீச்சர், கையப் பிடிச்சுக்கிடுங்க" என்றாள். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். எல்லோரும் பார்க்கட்டும், டீச்சர் ஏன் எழும்பவில்லை என்று ஒருவராவது கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கடைசி வரிசையும் வாங்கி முடிந்தது. அப்போது புதிதாக வந்திருக்கிற இளவயது ஐயர், நல்ல பிள்ளை, அப்பத் தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிராதியைத் தாண்டி இறங்கி என்னிடம் வந்தார். முழங்கால் முடியாத கிழவிகளுக்கு இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் அல்லவா, அப்படி. "இருங்க டீச்சரம்மா, எந்திரிக்காண்டாம்" என்றார் கனிவாக. என் எதிர்ப்பு முழுக்க அவருக்கு முட்டு வலியாகத் தெரிந்திருக்கிறது.

நான் எழுந்து நின்றேன். "எனக்கு முட்டு நல்லாத்தான் இருக்கு, ஐயா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "எம் மவன் ஞானமுத்து அண்ணன ஏறச் சொல்லல. ஏறாதீங்கன்னுதான் சொன்னான். எங்க வீட்டு அடுக்களையில வச்சுச் சொன்னான். நான் பக்கத்துல நின்னேன். ஏறச் சொன்னது யாருன்னு இங்கன இருக்கவங்களுக்குத் தெரியும்."

பாட்டு நிற்கவில்லை, பாடகர் குழு கொஞ்சம் மெதுவாகப் பாடியது, அவ்வளவுதான். ஐயரின் கையில் அப்பம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி முன்வரிசையில் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். மேரி அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அப்பத்தை வாங்கவில்லை. ஐயர் சற்று நின்று பார்த்துவிட்டு அடுத்த பாட்டியிடம் போனார். ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி விசிறினாள். "பிள்ளைய நெனச்சு நெனச்சு டீச்சருக்கு மனசு கலங்கிட்டு, பாவம்" என்றாள் இன்னொருத்தி. நான் சொன்னது உண்மையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னை வீட்டில் கொண்டுபோய் விட ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? செல்லத்துரை அண்ணாச்சி. "பாத்துக் கூட்டிட்டுப் போவே" என்று ஓட்டுநரிடம் சொன்னார். அந்த ஆட்டோவிலும் நான் ஏறி உட்கார்ந்தேன், எய்யா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே உனக்குச் சொல்வதற்கு நல்ல செய்தி ஒன்றும் என்னிடம் இல்லை. காலம் கடந்து பேசினால் உண்மையும் கிழவியின் புலம்பலாகிவிடுகிறது. மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்குத் தகுதி இல்லை. நீ மன்னித்தால் அதையும் வாயை மூடிக்கொண்டு செய்வாய், அப்படி வளர்த்துவிட்டேன். எனக்கு ஜெபம் வருவதில்லை. முழங்காலிட்டால் உன் இஸ்திரிப் பெட்டிதான் கண்ணில் நிற்கிறது. நான் இப்போது செய்வதுகூடத் தாழ்மையா வீம்பா என்று எனக்குத் தெரியாது. தெரிகிற வரைக்கும் காத்திருக்க எனக்கு வயதும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போ என்று இனி கேட்க மாட்டேன். அங்கே யாரிடமாவது, உன் அறைப் பையன்களிடமாவது, நான் அதைச் செய்யவில்லை என்று ஒரு தடவை சத்தமாகச் சொல். யாரும் கிடைக்காவிட்டால் எனக்குப் போன் செய்து என்னைப் பார்த்துக் கத்து. உன் அப்பா மாதிரிக் கத்து. நான் தலையை ஆட்ட மாட்டேன்.

அடுத்த மாதமும் முதல் ஞாயிறு வரும். அன்றும் நான் கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன், எழும்ப மாட்டேன். ஐயர் இறங்கி வந்தால் சொன்னதையே திரும்பச் சொல்வேன். இரக்கப்படட்டும், பைத்தியம் என்று சொல்லட்டும். அப்பம் வாங்காமலே நான் செத்துப்போகவும் கூடும், அதை நினைத்தால் எனக்கு நடுக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், கிராதியண்டை தெரிகிற அந்த வரிசையில் இனி உன் அம்மாவின் உள்ளங்கால் இருக்காது.

அம்மா